ராணுவச் சீருடை டெண்டர்: தையல் யூனிட் வைத்திருந்தால் போதுமா?

அம்பத்தூரில் சின்னதாக ஒரு கார்மெண்ட் யூனிட் நடத்துபவர் கேட்டிருக்கிறார்: "நாற்பது மெஷின் ஓடுகிறது. பள்ளி யூனிஃபார்ம், செக்யூரிட்டி யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறோம். ராணுவத்துக்கு உடுப்பு எல்லாம் ஆவடி தொழிற்சாலையில் இருந்துதான் போகிறதா, எங்களை மாதிரி ஆட்களுக்கும் இடம் இருக்கிறதா? அரசுக் கொள்முதல் இணையதளமான ஜெம்மில் ஒரு டெண்டர் கண்ணில் பட்டது. போடலாமா?"

இடம் இருக்கிறது. ஆனால் வெறும் தையல் யூனிட்டாகப் போய் அந்த வாசலில் நிற்காதீர்கள். ராணுவ உடுப்பில் தையல் சின்ன வேலை, துணிதான் பெரிய வேலை. ஒரு செட்டின் செலவில் பாதிக்கு மேல் துணியிலேயே போய்விடும். ஆய்வில் ரிஜெக்ட் ஆகும் லாட்டுகளிலும், அதாவது சரக்குத் தொகுதிகளிலும், பெரும்பாலானவை துணியால்தான் ரிஜெக்ட் ஆகின்றன. அந்தத் துணியை யார் நெய்து, யார் சாயம் போட்டுத் தரப்போகிறார்கள் என்பதை முடிவு செய்யாமல் டெண்டர் போடுபவர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஆவடி. அங்கிருக்கும் படைத்துறை உடைத் தொழிற்சாலை 1961-ல் தொடங்கியது. சென்னைக்காரர்களில் பலர் அங்கே நூல் நூற்று, நெய்து, தைத்து எல்லாம் நடப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தைக்கும் தொழிற்சாலை. துணி, நூல், பட்டன், ஜிப், டேப் எல்லாம் வெளியில் இருந்து டெண்டர் மூலம் வாங்கி, உள்ளே வெட்டித் தைத்து அனுப்பும். அதாவது ஆவடி முழு வேகத்தில் ஓடிய காலத்திலும் தனியார் மில்கள்தான் ராணுவத்துக்குத் துணி கொடுத்துக்கொண்டிருந்தன. நாம் பார்த்தது கடைசிக் கட்டத்தை மட்டும்தான்.

பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. 2017-ல் பல உடுப்பு வகைகளை, அரசுத் தொழிற்சாலையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத பட்டியலுக்கு மாற்றினார்கள். அதே ஆண்டு ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி உடைப் படியை ஒன்றாக்கி, அதிகாரிகளுக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய், மற்ற படை வீரர்களுக்கு 10,000 ரூபாய் என்று கையில் கொடுக்கத் தொடங்கினார்கள். ஸ்டோரில் இருந்து உடுப்பு வாங்கிக்கொண்டிருந்த ஜவான் பல உருப்படிகளைத் தானே கடையில் வாங்கிக்கொள்ளும் நிலை வந்தது. ஆவடித் தொழிற்சங்கங்கள் அப்போது போராடியதற்குக் காரணமே இதுதான். ஆர்டர் குறையும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

அடுத்தது 2021 அக்டோபர் 1. படைத்தளவாடத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து, அதன் 41 தொழிற்சாலைகளையும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். ஆவடி உடைத் தொழிற்சாலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட்டுக்குள் போனது. ஷாஜஹான்பூர், கான்பூர், ஹஸ்ரத்பூர் தொழிற்சாலைகள் அதன் கூட்டாளிகள். இப்போது அவர்களும் ஒரு கம்பெனி. ஆர்டர் தேடிப் போக வேண்டியவர்கள். ஆகவே நீங்கள் போடும் டெண்டரில் அவர்களும் ஒரு போட்டியாளராக வரலாம். அதே சமயம் உள்ளீட்டுப் பொருட்களை வாங்கும் வாடிக்கையாளராகவும் இருப்பார்கள். இந்த இரண்டாவது முகத்தைச் சென்னை யூனிட்டுகள் சரியாகக் கண்டுகொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இடையில் ஒரு விஷயம். ராணுவத் துணி என்றதும் கான்பூரையும் லூதியானாவையும் சொல்வோம். ஆனால் ஒரு காலத்தில் காக்கித் துணிக்கு இந்தியா முழுக்கப் பேர் போனது நம் பெரம்பூர். பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில் இரண்டும் 1920-ல் ஒன்றாகி பி அண்ட் சி மில் ஆயின. சாயம் போகாத காக்கி டிரில் அவர்களுடைய பெரிய சரக்கு. ராணுவமும் போலீசும் வாங்கின. நூற்பு, நெசவு, சாயம் மூன்றும் ஒரே மதிலுக்குள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் உருவானது. 1996-ல் மில் மூடப்பட்டது. அதோடு சென்னையில் பெரிய அளவில் துணி நெய்து சாயம் போடும் வேலை முடிந்தது. இன்று நம் ஊரில் வெட்டுவதும் தைப்பதும்தான் மிச்சம். நூலுக்குக் கோவை, சாயம் போடாத கிரே துணிக்கு ஈரோடு, பல்லடம் பக்கம், சாயம் போட்டு பினிஷ் செய்யும் பிராசஸிங்குக்குப் பெருந்துறை என்று போயாக வேண்டும். சென்னை யூனிட்டின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. டெண்டர் போடும்போது அதை மறந்துவிடுகிறோம்.

சரி, துணிக்கு வருகிறேன்.

ராணுவ டெண்டரில் "காட்டன் பாலியெஸ்டர் துணி, பச்சை நிறம்" என்று மட்டும் போட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஸ்பெசிஃபிகேஷன் எண் இருக்கும். கலவை விகிதம், நூலின் கவுண்ட் (பருமன் அளவு), அங்குலத்துக்கு எத்தனை பாவு நூல், எத்தனை ஊடை நூல், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், இழுவிசையில் எவ்வளவு தாங்க வேண்டும், கிழிசலில் எவ்வளவு, துவைத்தால் எத்தனை சதவீதம் சுருங்கலாம், துணியின் அமில காரத் தன்மை எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக வரும். இதற்கு மேல் 'சீல்டு சாம்பிள்' என்று ஒன்று. முத்திரை வைத்த மாதிரித் துண்டு. அதிகாரபூர்வமான பிரதி தர உறுதி இயக்ககத்தின் கீழ் உள்ள, அந்தப் பொருளுக்குப் பொறுப்பான அலுவலகத்தில் இருக்கும். ஜவுளி, உடுப்பு வகைகளுக்கு அது கான்பூர். தாளில் எழுத முடியாத விஷயங்களை, அதாவது நிறம், தொடும் தன்மை, பினிஷ் இவற்றை, அந்தத் துண்டோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வார்கள். ஸ்பெக்கை மட்டும் படித்துவிட்டு சாம்பிளைப் பார்க்காமல் விலை போடுகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். பள்ளி யூனிஃபார்மில் ஒரு தானுக்கும் அடுத்த தானுக்கும் லேசான ஷேடு வித்தியாசம் இருந்தால் எந்தத் தலைமை ஆசிரியரும் திருப்பி அனுப்ப மாட்டார். இங்கே லைட் பாக்ஸில் வைத்துப் பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒன்று, பழைய மஞ்சள் பல்புக்கு ஒன்று. டியூப் லைட்டில் அச்சு அசலாகப் பொருந்திய துணி, பகல் விளக்கைப் போட்டதும் சிவப்படித்துக் காட்டும். ஒரே தானில்கூட கரைப் பக்கம் ஒரு ஷேடு, நடுவில் ஒரு ஷேடு என்று வரும். துணியில் சாயத்தைப் பிழிந்து ஏற்றும் பேடிங் ரோலரின் அழுத்தம் சீராக இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும். அதைக் கவனிக்காமல் லே போட்டு, அதாவது துணியை அடுக்கடுக்காக விரித்து, வெட்டினால், முன்பக்கம் ஒரு பச்சை, கை ஒரு பச்சை என்று சட்டை தைத்து வரும். வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்டிக்கர் நம்பர் போட்டு, ஒரே தானின் ஒரே அடுக்கில் இருந்து வந்த பாகங்களைத்தான் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஏற்றுமதி வேலை பார்த்த கட்டிங் மாஸ்டருக்கு இது பழக்கம். பள்ளி யூனிஃபார்ம் மட்டும் வெட்டியவருக்கு இது புதுப் பாடம்.

சாயம் போகாமல் இருப்பதற்கும் தனித்தனி சோதனை உண்டு. துவைத்தால், வியர்வை பட்டால், வெயிலில் காய்ந்தால், உரசினால் என்று பிரித்துப் பார்ப்பார்கள். உரசல் சோதனை பார்க்க எளிமையானது: ஒரு சின்ன கருவியில் வெள்ளைத் துணியைக் கட்டி, சாயத் துணி மேல் முன்னும் பின்னும் தேய்ப்பார்கள். ஒருமுறை உலர்ந்த வெள்ளைத் துணி, ஒருமுறை ஈரத் துணி. வெள்ளையில் எவ்வளவு கறை ஏறியது என்று 1 முதல் 5 வரை உள்ள சாம்பல் அளவுகோலோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். உலர்ந்ததில் 4 வாங்கிய துணி ஈரத்தில் 2-க்கு இறங்குவது சாதாரணமாக நடக்கும், அதுவும் அடர்ந்த நிறங்களில். சாயம் போட்ட பிறகு சரியாக அலசாத துணி இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். அலசுவதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீரைச் சுத்திகரித்து ஒரு சொட்டும் வெளியே விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இங்கே சட்டம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டது நினைவிருக்கும். அலசலில் மிச்சம் பிடிக்கப் பார்க்கும் பட்டறையும் தண்ணீருக்கும் சுத்திகரிப்புக்கும் ஆகும் செலவைத்தான் மிச்சம் பிடிக்கிறது. தண்டனை உங்கள் லாட்டுக்கு.

போர்க்கள உடுப்பு என்றால் இன்னொரு சோதனை உண்டு. இது எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருக்கும். இரவில் பார்க்கும் கருவிகள், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு அண்மைக் கதிர்களையும் பிடிக்கும். பச்சை இலை அந்தக் கதிர்களைப் பலமாகத் திருப்பி அனுப்பும். மண், மரப்பட்டை வேறு அளவில் அனுப்பும். உடுப்பில் உள்ள ஒவ்வொரு நிறமும் பகலில் கண்ணுக்கு இலை மாதிரியும் மண் மாதிரியும் தெரிந்தால் போதாது, அந்தக் கருவியிலும் அதே மாதிரி தெரிய வேண்டும். சாதாரணச் சாயத்தில் அதே பச்சையைக் கொண்டுவந்துவிடலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இரவுக் கருவியில் பார்த்தால் ஆள் மட்டும் வெளுத்துப் பளிச்சென்று நிற்பார், அல்லது கரிக்கட்டையாகத் தெரிவார். இதனால்தான் பருத்திப் பகுதிக்கு வாட் என்ற வகைச் சாயங்களைக் கேட்கிறார்கள். விலை அதிகம், போடுவதும் சிரமம். கலவைத் துணியில் பாலியெஸ்டர் அந்தச் சாயத்தை அதே மாதிரி ஏற்காது, அதற்கு வேறு வகைச் சாயம். இரண்டும் சேர்ந்து குறிப்பிட்ட வரம்புக்குள் விழ வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த பிராசஸ் ஹவுஸ்கள் நாட்டில் கொஞ்சம்தான். துணியை வெண்மையாக்கும் ஒளிர்வுப் பொருள் கலந்த சோப்புத் தூளில் இந்த உடுப்பைத் துவைக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்; வெளுப்பேற்றும் பொருள் துணியில் படிந்து மறைப்பைக் கெடுத்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில் நடந்தது: துணியை ஒரு வியாபாரி மூலம் வாங்கினார்கள். அவர் காட்டிய லேப் ரிப்போர்ட்டில் எல்லாம் பாஸ். ஆனால் அந்த ரிப்போர்ட் வேறு லாட்டினுடையது. தைத்து, அயர்ன் போட்டு, பேக் செய்து, ஆய்வுக்கு மாதிரி எடுத்த பிறகுதான் ஈர உரசலில் விழுந்தது. லாட் முழுக்க ரிஜெக்ட். ஏற்றுமதியில் இப்படி ஆனால் சரக்கை சர்ப்ளஸ் என்று தள்ளிவிடலாம், போட்ட பணத்தில் கொஞ்சமாவது திரும்பும். ராணுவ டிசைன் போட்ட சரக்கை அப்படிக் கடையில் விற்க முடியாது. குப்பைக்கும் போகக் கூடாது, கிடங்கில் பூட்டி வைக்க வேண்டியதுதான்.

விற்க முடியாது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பல்லாவரம், பரங்கிமலை பக்கம் சிலர் இன்னும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். 2022 ஜனவரி 15, ராணுவ தின அணிவகுப்பில் புது போர்க்கள உடுப்பை அறிமுகப்படுத்தினார்கள். டிஜிட்டல் புள்ளி வடிவம், தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட்டோடு சேர்ந்து வடிவமைத்தது. சட்டையை உள்ளே விடத் தேவையில்லை. அந்த டிசைனையும் வடிவத்தையும் ராணுவம் தன் பெயரில் பதிவு செய்துவிட்டது. 2022 அக்டோபரில் பதிவு வெளியானது. அனுமதி இல்லாமல் அந்தத் துணியை அச்சடிப்பதும் தைத்து விற்பதும் வழக்கில் கொண்டுபோய் விடும். முதலில் 50,000 செட் ராணுவ கேன்டீன்களை நடத்தும் கேன்டீன் ஸ்டோர்ஸ் துறை மூலம் வாங்கினார்கள். அடுத்து ஜவான்களுக்கும் இளநிலை அதிகாரிகளுக்கும் மொத்தமாக 11.70 லட்சம் செட் வாங்கும் திட்டத்தை அறிவித்தார்கள். படியாகக் கையில் பணம் கொடுக்கும் முறை வந்த பிறகும் போர்க்கள உடுப்பை மொத்தக் கொள்முதலிலேயே வைத்துக்கொண்டதற்கு, கடைக்குக் கடை ஷேடு மாறியதும் யார் வேண்டுமானாலும் வாங்க முடிந்ததும்தான் காரணம் என்பது என் கணிப்பு.

டெண்டர் கணக்கு. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் உள்ள சிறு உற்பத்தியாளர் என்றால் சில சலுகைகள் நிஜமாகவே உதவும். 2012 கொள்முதல் கொள்கைப்படி மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதில் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு, 4 சதவீதம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு. டெண்டரோடு கட்டும் ஈட்டுப் பணமான முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். உங்கள் விலை, வந்ததிலேயே குறைந்த விலையான எல்-1 விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள் இருந்தால், எல்-1 விலைக்கு இறங்கி வந்து ஒரு பங்கை வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கடைசிச் சலுகையில்தான் கண்ணி இருக்கிறது. எல்-1 போட்டவர் பில்வாராவிலோ இச்சல்கரஞ்சியிலோ சொந்தத் தறியும் சொந்தச் சாயமும் வைத்திருப்பவராக இருந்தால், அவர் விலை உங்களுக்குத் துணி அடக்கத்துக்கே காணாது. சலுகை கிடைத்ததே என்று இறங்கிப் போய் ஒப்புக்கொண்டால் ஒவ்வொரு செட்டிலும் நஷ்டம்.

விலை பெரும்பாலும் ஒப்பந்தம் முழுக்க நிலையானது. 2022-ல் பருத்தி விலை கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கும். ஒரு கண்டி என்பது 356 கிலோ. அதற்கு முன் நிலையான விலையில் கையெழுத்துப் போட்டவர்கள் பட்ட பாட்டை ஈரோட்டில் போய்க் கேளுங்கள். தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம் வீதம் 10 சதவீதம் வரை பிடித்தம் என்பது வழக்கமான ஷரத்து. பில் பாஸாகும் தேதி ஆய்வு முடிந்து, சரக்கு டிப்போவில் சேர்ந்து, ரசீது வந்த பிறகுதான் எண்ணப்படும். சட்டப்படி 45 நாளில் பணம் வர வேண்டும், தாமதித்தால் வட்டியும் கேட்கலாம். கேட்ட பிறகு அடுத்த டெண்டரில் அதே மேசைக்குப் போக எத்தனை பேருக்கு மனசு வரும் என்பது வேறு கதை. மூன்று நான்கு மாதம் சரக்கில் பணம் முடங்கினாலும் டெய்லர்களுக்கு வாரக் கூலி தடையில்லாமல் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் பெரிய அளவில் போகவே வேண்டாம்.

வெளிநாட்டுத் துணி வாங்கித் தைக்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அமெரிக்காவில் 1941-ல் இருந்து பெர்ரி திருத்தம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அவர்கள் ராணுவத்துக்கு வாங்கும் உடுப்பு, இழையில் இருந்து தையல் வரை உள்நாட்டிலேயே ஆகியிருக்க வேண்டும். அங்கே மிச்சம் இருக்கும் மில்களில் பல அந்தச் சட்டத்தால்தான் பிழைத்திருக்கின்றன. நம் ஊரில் அவ்வளவு இறுக்கம் இல்லை. 2017 கொள்முதல் ஆணைப்படி உள்நாட்டு மதிப்பு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் வகுப்பு சப்ளையர். 2020 ஜூலைக்குப் பிறகு, இந்தியாவோடு நில எல்லையைப் பகிரும் நாடுகளைச் சேர்ந்த நிறுவனங்கள் தனிப் பதிவு இல்லாமல் டெண்டர் போட முடியாது. பருத்தி, பாலியெஸ்டர் துணிகளுக்கு வெளியே போகத் தேவையே இல்லை. உயர் ரக இழைகளிலும் கடுங்குளிர் உடுப்பிலும்தான் நாம் பின்தங்கியிருந்தோம். சியாச்சினுக்கான உடுப்பு வெகுகாலம் இறக்குமதி. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ உருவாக்கிய மூன்று அடுக்கு கடுங்குளிர் உடுப்பின் தொழில்நுட்பத்தை 2021 டிசம்பரில் ஐந்து இந்திய நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். இது இப்போதைக்கு நாற்பது மெஷின் யூனிட்டுக்கான களம் இல்லை.

அப்படியானால் எது உங்கள் களம்? ராணுவம் வாங்குவது போர்க்கள உடுப்பு மட்டும் இல்லை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, கொசுவலை, துண்டு, பனியன், சாக்ஸ், கிட் பேக், ஏப்ரன், மருத்துவமனை உடுப்பு என்று நீண்ட பட்டியல். விரிப்புக்கும் கொசுவலைக்கும் கரூர், பனியனுக்குத் திருப்பூர், துண்டுக்கு ஈரோடு என்று நம் மாநிலத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வகைகளில் அவர்களோடு மோதாதீர்கள். தையல் அதிகம், துணி எளிது என்ற வகைகளைப் பாருங்கள்: கிட் பேக், மருத்துவமனை உடுப்பு, ஏப்ரன், கேன்வாஸ் உறைகள். கூடவே ரயில்வே, துறைமுகம், தீயணைப்பு, துணை ராணுவப் படைகளின் சின்ன டெண்டர்கள். அங்கே இரண்டு மூன்று ஆர்டர் ஒழுங்காக முடித்த சான்று கையில் இருந்தால்தான் பெரிய டெண்டரின் 'முன் அனுபவம்' என்ற கட்டத்தையே நிரப்ப முடியும்.

சென்னையில் இருப்பதற்கு ஒரு லாபமும் உண்டு. ஆவடியில் இருந்து ஓய்வு பெற்ற டெய்லர்களும் சூப்பர்வைசர்களும் பட்டாபிராம், திருமுல்லைவாயல், அம்பத்தூர் பக்கமே குடியிருக்கிறார்கள். ஸ்பெக்கைப் பார்த்ததும் எந்த ஷரத்தில் ஆய்வாளர் நிற்பார் என்று சொல்லக்கூடியவர்கள். ஒருவரை வாரத்துக்கு இரண்டு நாள் வரச் சொல்லிச் சம்பளம் கொடுங்கள். இயந்திரம் வாங்குவதைவிட அது பலன் தரும். சோதனைக்கு ஜவுளிக் குழுவின் ஆய்வகம் நகரத்திலேயே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் ஜவுளித் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. கோவையில் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா இருக்கிறது.

நீங்கள் பார்த்த அந்த டெண்டர் போர்க்கள உடுப்பு அல்லது அச்சுத் துணி என்றால், இந்த முறை விட்டுவிடுங்கள். சாதா நிறத் துணி என்றால் விலை போடுவதற்கு முன் மூன்று வேலை பாக்கி இருக்கிறது. சீல்டு சாம்பிளை நேரில் பாருங்கள். ஒரு பிராசஸ் ஹவுஸிடம் லேப் டிப், அதாவது ஆய்வகத்தில் சாயம் போட்ட மாதிரித் துண்டு, வாங்கி, அவர்கள் பெயரில் எழுத்துபூர்வமான சப்ளை கடிதமும், சோதனையில் விழுந்தால் துணியைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற ஒப்புதலும் வாங்குங்கள். அப்புறம் ஒரு தான் துணியை உங்கள் காசில் ஆய்வகத்துக்கு அனுப்பி, ரிப்போர்ட் உங்கள் யூனிட் பெயரிலேயே வரும்படி பாருங்கள். கடைசித் தேதிக்குள் இந்த மூன்றும் கைக்கு வராவிட்டால் அடுத்த டெண்டருக்கு வைத்துக்கொள்ளலாம். உடுப்பு டெண்டர் திரும்பத் திரும்ப வரும் சரக்குதான்.